அரை இனிப்பு

ஆஸ்திரியா தேசத்தில் ஸ்வைகெல்ட் என்று ஒரு திராட்சை உண்டு. 1922-ல் இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய கொடி. அதன் சாறு முற்றும் புளித்தால் தித்திப்பில்லாத சிவப்பு ஒயின். சர்க்கரை தீர்வதற்குள் புளிப்பதை நிறுத்திவிட்டால் அரை இனிப்பு ஒயின். அந்த ரகத்துக்கு அவர்கள் சீசாவில் எழுதும் சொல் 'லீப்லிஹ்'. 'இனியது' என்று பொருள் கொள்ளலாம். காரமான பண்டமும் உப்பேறிய பாலாடைக் கட்டியும் அதற்கு ஜோடி என்கிறார்கள், விஷயம் தெரிந்தவர்கள்.

இந்தச் சாஸ்திரம் நமக்குப் புதிதல்ல. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற சீமையைப் பாருங்கள். வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீரைவிட மணலைக் கண்ட நாட்களே அதிகம். ஆனால் அந்த வறண்ட மண்ணில் நிற்கிற பனைமரம் கோடையில் தித்திப்பாய்ச் சுரக்கிறது.

பனையேறி காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் மரம் ஏறுகிறார். பாளையை மெல்லிசாகச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் வடிவது பதநீர், தடவாவிட்டால் கள். மரமும் ஒன்று, பாளையும் ஒன்று. சாறு நுரைத்துப் புளிக்காதபடி தடுப்பது அந்தச் சுண்ணாம்புதான். ஆஸ்திரியாக்காரர் பெரிய பெரிய தொட்டிகளில் செய்யும் காரியத்தை நம் ஆள் விரல் நுனியில் முடித்துவிடுகிறார்!

ஜோடிப் பொருத்தத்திலும் நாம் குறைந்தவர்கள் அல்ல. ஓலைப் பட்டையில் ஊற்றிய பதநீருக்கு நுங்கு ஒரு ஜோடி. மாங்காய்க் கீற்று இன்னொன்று. பாளை சீவினால் அதில் நுங்கு காய்க்காது. ஆகவே ஒரே பட்டையில் இரண்டும் கிடைத்தால், சீவிய பாளை ஒன்று, சீவாமல் விட்ட பாளை ஒன்று என்று அறிக. பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. அந்தக் கருப்பட்டிப் பாகில் ஊறிய மிட்டாயை வாங்குகிறவர், கூடவே சாத்தூர்க் காராச்சேவும் ஒரு பொட்டலம் வாங்காமல் கடையை விட்டு நகருவதில்லை. தித்திப்புத் திகட்டும்போது பூண்டும் மிளகாயும் வந்து நாக்கைத் துலக்கிவிடும்.

கள்ளின் கதை வேறு. 1977-ல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரானார் எம்.ஜி.ஆர். அவர் ஆட்சியிலேயே, 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து, தமிழ்நாட்டில் கள் நின்றது. இன்றும் தடை நீங்கவில்லை. அது சரியா தவறா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் பனையேறிக்குப் பதநீரும் கருப்பட்டியுமே மிச்சம் என்பது மட்டும் நிச்சயம்.

அந்தக் கருப்பட்டிக்கும் ஆபத்து வந்துவிட்டது. வெள்ளைச் சீனியைக் கலந்து காய்ச்சி மலிவாக விற்கிறார்கள். அசல் சரக்கு விலையில் தோற்றுப் போகிறது. தோற்றவர் மரம் ஏறுவதை விடுகிறார். ஏற ஆளில்லாத மரம் செங்கல் சூளைக்குப் போகிறது. பாளை விடப் பதினைந்து வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டிய மரம் ஒரு பொழுதில் விறகாகிறது!

1985-ல் ஆஸ்திரியாவிலும் இப்படி ஒரு மோசம் நடந்தது. ஒயினுக்குத் தித்திப்பும் கனமும் கூட்ட, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைச் சில வியாபாரிகள் கலந்தார்கள். குட்டு உடைந்தது, நேர்மையாகத் தொழில் செய்தவர்களின் சரக்கையும் சேர்த்து உலகம் ஒதுக்கியது. அந்த நாட்டார் கடுமையான சட்டம் போட்டுத்தான் பெயரை மீட்டார்கள்.

நம் கருப்பட்டியைக் காப்பாற்றச் சட்டத்தைவிட வாங்குகிறவரின் நாக்கு முந்திக்கொள்ளலாம். அந்தச் சாலையில் போகும் அன்பர்களே, கோடையில் காலையிலேயே வண்டியை நிறுத்துங்கள். வெயில் ஏறினால் பதநீர் புளித்துவிடும். ஒரு பட்டை குடியுங்கள். கருப்பட்டி வாங்கினால் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். விலை அதிகம் என்று தோன்றினால், ஒருமுறை அந்த மரத்தை அடியிலிருந்து உச்சி வரை அண்ணாந்து பாருங்கள்.