உறையணிந்த கனி

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் நாட்டு உழவர் பழமொழி. பருவம் தவறின் வித்தும் உழைப்பும் ஒருங்கே வீணாகும் என்பதை அது உணர்த்துகின்றது. வெயிலுக்குக் குறைவில்லாத நம் நாட்டிலேயே இவ்விதி செல்லுமாயின், ஆண்டில் பல திங்கள் பனி மூடிக் கிடக்கும் நாடுகளில் அது எத்துணைக் கடுமையாகச் செல்லும்! அதனை அறிவதற்கு, அந்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் வளரும் இரு சிறு செடிகளின் வாழ்க்கையே போதும். அவற்றுள் ஒன்று உறைத்தக்காளி, மற்றொன்று தரைச்செர்ரி.

நம் வயல் வரப்புகளில் சொடக்குத் தக்காளி தானே முளைத்து நிற்பதை மாணவர் பலர் கண்டிருப்பர். காற்றடைத்த பைபோன்ற அதன் உறையை நெற்றியில் அடித்து ஒலியெழுப்பி மகிழ்தல் சிறுவர் விளையாட்டு. மேற்கூறிய இரண்டும் அச்செடியின் உறவினவே. கத்தரிக் குடும்பத்தைச் சார்ந்தவை. மலர் வாடியபின், அதன் அடியிலுள்ள புல்லி வட்டம் உதிர்ந்துவிடாமல் வளர்ந்து, காயைச் சுற்றிக் கூடுபோல் மூடிக்கொள்ளும். இவ்வுறை இவற்றுக்கு நேற்று வந்த அணியன்று. தென்னமெரிக்காவின் தென்கோடியில் உள்ள படகோனியாவில், ஏறத்தாழ 5 கோடியே 20 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்ட உறைக்கனியின் கற்படிவம் கிடைத்ததென 2017ஆம் ஆண்டில் அறிஞர் அறிவித்தனர்.

உறைத்தக்காளியின் தாயகம் மெக்சிக்கோ. அந்நாட்டு மக்கள் அதன் பசுங்காயை மிளகாயுடன் சேர்த்துப் பச்சை நிறத் துவையல் அரைப்பர். தரைச்செர்ரியோ வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரியது. கொண்டைக்கடலையினும் சற்றுப் பெரிய அதன் பொன்னிறக் கனி தேன்போல் இனிக்கும். இரண்டும் வெம்மையை விரும்புவன. உறைபனி பட்டால் ஓரிரவில் கருகுவன. ஐக்கிய அமெரிக்க நாட்டின் வடகிழக்கில் பல இடங்களில் மே மாத நடுப்பகுதி வரை உறைபனி விழும். செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ அது மீண்டும் வந்துவிடும். இடைப்பட்ட நான்கைந்து திங்களே செடிக்கு வாய்த்த வாழ்நாள்.

ஆதலின், அங்குள்ள தோட்டக்காரர் வெளியே குளிர் நிலவும்போதே வேலையைத் தொடங்குவர். கடைசி உறைபனிக்கு ஆறு அல்லது எட்டு வாரங்களுக்கு முன்னரே, வெம்மையான அறையில் சிறு தொட்டிகளில் கால் அங்குல ஆழத்தில் விதைப்பர். நாற்று வளர்ந்ததும் உடனே தோட்டத்தில் நட்டுவிடார். பகலில் சிறிது நேரம் வெளியே வைத்து, நாள்தோறும் அந்நேரத்தைக் கூட்டி, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்குவர். பனி நீங்கி மண் வெம்மையுற்ற பின்னரே நடுவர்.

இவ்வளவும் செய்து, ஒன்றை மட்டும் அறியாத ஒருவர் ஒரே ஓர் உறைத்தக்காளிச் செடியை நட்டார் எனக் கொள்வோம். செடி செழித்தது, மஞ்சள் மலர்கள் நிறைந்தன, தேனீக்களும் வந்தன. ஆயினும் மலர்கள் உதிர்ந்தன. நின்ற சில உறைகளும் வெறுங்கூடுகளாகவே இருந்தன. மண்ணில் குறையோ என்று அவர் எருவிட்டார். நீரில் குறையோ என்று மேலும் நீர் பாய்ச்சினார். பயன் விளையவில்லை. உறைத்தக்காளி தன் மகரந்தத்தால் தானே காய்க்கும் இயல்புடையதன்று. அருகில் மற்றொரு செடி வேண்டும். இதனை அவர் அறிந்தபோது இலையுதிர் காலம் நெருங்கிவிட்டது. மறுபடி நடுவதற்கு நாளில்லை. ஓரிரவில் விழுந்த உறைபனியில் செடி கருகிற்று. ஒரு சிறு செய்தியை அறியாமையால் ஓராண்டு கழிந்தது.

அடுத்த ஆண்டு அவர் இரண்டு செடிகளை நட்டார். காய்கள் உறையை நிறைத்துப் பிளக்குமளவு பருத்தன. பக்கத்தில் தரைச்செர்ரியையும் வளர்த்தார். அதற்குத் துணைச் செடி வேண்டுவதில்லை. அதன் கனியைப் பறிக்கவும் வேண்டுவதில்லை; முதிர்ந்ததும் உறையோடு தானே தரையில் விழும். அதனாலேயே அதற்கு அப்பெயர் வாய்த்தது. செடியின் கீழே வைக்கோல் பரப்பி, விழுந்தவற்றை நாள்தோறும் பொறுக்கினால் போதும். உறையைப் பிரித்துக் கனி மஞ்சளாயிருப்பின் உண்ணலாம், பச்சையாயிருப்பின் உண்ணலாகாது. அதன் பசுங்காயிலும் இலையிலும் உறையிலும் நச்சுத்தன்மை உண்டு. உறையை நீக்காமல் குளிர்ந்த இடத்தில் வைத்தால் கனி பல வாரம் கெடாது. அமெரிக்கக் குடும்பங்கள் சிலவற்றில், குளிர்காலத்திற்கென இதனைப் பாகாகக் காய்ச்சி வைப்பர்.

கொடி போலப் படரும் இச்செடியைக் கட்டுக்குள் வளரச் செய்து, கனியையும் பெரிதாக்க அறிவியலார் முயன்று வருகின்றனர். மரபணுவைத் திருத்தி அதனைச் செய்ய இயலும் என 2018ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். எனினும், எத்துணைத் திருத்தினும் உறைபனி தன் நாளில் வந்தே தீரும்.

பொறுக்காமல் விடப்பட்ட தரைச்செர்ரிகள் சில பனிக்கடியில் கிடக்கும். அவற்றின் வித்துகள் பனி உருகி மண் வெம்மையுறும் வரை பொறுத்திருந்து, உரிய நாளில் தாமே முளைக்கும். சொல்லித் தருவார் எவருமின்றி அவை பருவம் அறிகின்றன. கற்றுத்தான் அறிய வேண்டிய மனிதன், காலம் கடக்குமுன் கற்றுக்கொள்ளல் நன்று.