ரசீது எங்கே சார்?

ஏழைக்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் 'இலவசம்'. விவசாயிக்குக் கொடுத்தால் 'மானியம்'. பெரிய கம்பெனிக்குக் கொடுத்தால் மட்டும் 'ஊக்கம்'! கஜானா ஒன்றுதான். ஆளுக்கு ஆள் பெயர்தான் மாறுகிறது.

வரிச்சலுகைகளால் அரசுக்கு வராமல் போகும் தொகை எவ்வளவு என்று மத்திய பட்ஜெட்டோடு ஓர் அறிக்கை வரும். முதலில் அதற்கு 'கைவிட்ட வருவாய்' என்று பச்சையாகவே பெயர் வைத்திருந்தார்கள். பிற்பாடு அதுவும் 'வரி ஊக்குவிப்புகளின் வருவாய்த் தாக்கம்' ஆகிவிட்டது.

2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. பெரிய கம்பெனிகளுக்கு 30 சதவிகிதமாக இருந்த வருமான வரியை 22 ஆகக் குறைத்தார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15. வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் போகும் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது. அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 1,900 புள்ளிக்கு மேல் எகிறியது.

"குறைக்கலேன்னா வெளிநாட்டுக் கம்பெனியெல்லாம் வியட்நாம் போயிடும் சார்" என்பார் பக்கத்து ஸீட் நண்பர். நியாயம்தான். ஆனால் அந்த 22 சதவிகிதத்துக்கு இருந்த முக்கிய நிபந்தனை, வேறு வரிவிலக்குகளைக் கேட்கக்கூடாது என்பதுதான். இத்தனை பேருக்கு வேலை கொடு, இவ்வளவு முதலீடு போடு என்று ஒரு வரி கிடையாது. மிச்சமான பணத்தில் கடனை அடைக்கலாம். பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் தரலாம். அவரவர் இஷ்டம்.

நம்ம கதை அப்படியா? வாடகைக்கு வரிவிலக்கு கேட்ட வருஷங்களில், ஜனவரி பிறந்தாலே எனக்குக் காய்ச்சல் வரும். மாதாமாதம் வாடகை ரசீது, ரெவின்யூ ஸ்டாம்ப், போதாக்குறைக்கு ஹவுஸ் ஓனரின் பான் நம்பர். அதைக் கேட்டால் அவர், "தரேன் தம்பி, ஆனா வாடகையை ஏத்திடுவேன்" என்பார். சில ஆயிரம் ரூபாய் சலுகைக்கு இவ்வளவு சாட்சி!

கம்பெனி வரி வசூல் 2018-19ல் சுமார் 6.6 லட்சம் கோடி. அடுத்த வருஷம் 5.6. பொருளாதார மந்தமும் ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். பிறகு வசூல் ஏறத்தான் செய்தது. ஆனால் 2023-24ல் தனிநபர் வருமான வரி 10.4 லட்சம் கோடியைத் தொட்டபோது, கம்பெனி வரி 9.1-ல் நின்றது. முன்னே ஓடியது மாசச் சம்பளக்காரனும் சின்ன வியாபாரியும் சேர்ந்த கூட்டம்! 2025 பட்ஜெட்டில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை என்றதும்தான் இந்தக் கூட்டத்தில் பலருக்கு மூச்சு வந்தது.

கம்பெனிகளுக்குச் சலுகையே கூடாது என்பது என் கட்சி அல்ல. நிபந்தனை போடவும் அரசாங்கத்துக்குத் தெரியும். 2020-ல் செல்போன் தயாரிப்புக்கு வந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில், முதலீடு செய்து, கூடுதலாக விற்றும் காட்டினால்தான் பணம். கணக்குக் காட்டு, வாங்கிக்கொள். இது முறை.

வேலை வரும் என்ற நம்பிக்கையில் கொடுத்தோம் என்கிறார்கள். நம்பிக்கை நல்லதுதான் சார். ஆனால் அதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட முடியாதே!