சதுரக் கட்டமும் தாதியின் காதும்

கடைகளிலும் உணவகங்களிலும் கறுப்பும் வெள்ளையுமாய் ஒட்டப்பட்டிருக்கும் சதுரக் கட்டத்தை இம்மலரைப் படிக்கும் மாணவர் யாவரும் அறிவர். கியூஆர் குறியீடு எனப்படும் இதனை 1994ஆம் ஆண்டில், மோட்டார் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கிடுவதற்காக, யப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவர்தம் குழுவினரும் ஆக்கினர். நான்கு மூலைகளுள் மூன்றில் மட்டும் பெரிய சதுரங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். எப்பக்கம் திருப்பிப் பிடித்தாலும் குறியீட்டை வாசிக்க உதவுவன அவையே. எண்ணெய்க் கறை படியும் தொழிற்சாலைக்கென ஆக்கப்பட்டதாதலால், உயர்ந்த திருத்தநிலையில் ஏறத்தாழ 30 வீதம் அழிந்தாலும் பொருள் கெடாது.

தொழிற்சாலையிற் பிறந்த இக்கட்டம், மெல்பேணில் நான் கற்பிக்கும் தாதியர் பயிற்சிக்கூடத்தின் கருவிகளிலும் இன்று ஒட்டப்பட்டிருக்கின்றது. குருதியமுக்கம் அளக்கும் கருவியிலுள்ள கட்டத்தின்மேல் கைத்தொலைபேசியைப் பிடித்தால் இரண்டு நிமிடக் காணொளி ஒன்று திறக்கும். பட்டையை மேற்கையிற் சுற்றும் முறை, மணிக்கட்டின் நாடித்துடிப்பு மறைந்த பின் மேலும் 30 மில்லிமீற்றர் உயர்த்துவது, செக்கனுக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றராகக் காற்றை இறக்குவது எல்லாம் அதில் உண்டு.

நேரம் மிச்சமாவதே இதன் பயன் என்பர் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. நம் பிள்ளைகள் பலர் விளங்காததை மறுமுறை கேட்கக் கூசுவர். (பெரியவர்களைக் குறுக்குக் கேள்வி கேளாதே என்றுதானே வளர்த்தோம், பெற்றோர்களே!) சென்ற ஆண்டு தமிழ் மாணவி ஒருத்தி ஒரே காணொளியை ஆறாம் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏனம்மா, என்னிடம் கேட்கலாமே?” என்றேன். “எத்தனை தரம் கேட்டாலும் இதற்குச் சினம் வராது, அன்ரி” என்றாள்.

ஆயினும் காணொளியால் ஆகாத ஒன்றுண்டு. பட்டையின் காற்று இறங்கும்போது நாடியில் எழும் ஒலியை 1905இல் உருசிய அறுவை வைத்தியர் நிக்கலாய் கொரொட்கொவ் எடுத்துரைத்தார். ஒலி தொடங்குமிடம் மேல் எண். மறையுமிடம் கீழ் எண். காணொளியில் அது பறைபோல் முழங்கும். விடுதியின் இரைச்சலில், முதியவர் ஒருவரின் மெலிந்த கையிலோ சருகு அசைவது போலிருக்கும். கேளாத ஒலியைக் கேட்டதாக எண்ணி எழுதினால் மருந்தின் அளவே மாறக்கூடும். எனவே இருவர் ஒருங்கே கேட்கக்கூடிய இரட்டைச் செவிக்குழாயை நான் இன்னும் கைவிடவில்லை. “இப்போது கேட்டதா?” “இல்லை.” “இதோ, இப்போது?” இவ்வாறுதான் காது பழகும்.

நோயாளரின் படுக்கையருகே தொலைபேசியை எடுக்கவும் நான் விடுவதில்லை. தொற்றுப் பயம் ஒருபுறம். கையை நீட்டியபடி காத்திருக்கும் மூதாட்டிக்கு, தாதி பாடம் பார்க்கிறாளா, தோழிக்குச் செய்தி அனுப்புகிறாளா என்று எப்படித் தெரியும்?

அம்மாணவி இவ்வாண்டு வைத்தியசாலைப் பயிற்சிக்குச் சென்றாள். முதல் நாளே, இரண்டு தரம் அளந்தும் ஐயம் தீராமற்போகவே, எண்ணை எழுதாமல் பொறுப்புத் தாதியிடம் சென்று, “எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, நீங்கள் ஒருமுறை கேட்டுச் சொல்வீர்களா?” என்று கேட்டாளாம்.