எட்டில் ஒன்று

1985 முதல் 2019 வரை முப்பத்து நான்கு ஆண்டுகள், எங்கள் ஊர் ஜமாஅத்தார் நடத்திவரும் நடுநிலைப் பள்ளியில் நான் கணக்குப் பாடம் கற்பித்தேன். "நல்ல கணக்கு வாத்தியார்" என்று ஊர் சொல்லிற்று. ஆண்டுதோறும் என் வகுப்பில் தேறியவர் தொகையும் அதற்குச் சான்று பகர்ந்தது. நானும் அதை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு மாலைப் பொழுதில் ஒரு துண்டுக் காகிதத்தின் முன்னே உடைந்துபோன கதையைத்தான் இங்கே சொல்லப் போகின்றேன்.

2003ஆம் ஆண்டு. அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பினேன். வாசலில் ஒரு பெண் தன் சிறு மகனுடன் காத்திருந்தாள். 1992இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். கணவர் மவுத்தாகி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன என்பதை ஊரார் வாயிலாக அறிந்திருந்தேன். ஸலாம் உரைத்துவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"ஸார், எட்டில் ஒன்று என்பது ஆறில் ஒன்றைவிடக் கூடுதல்தானே? பிறகு எப்படி மாமிக்கு நாற்பதாயிரமும் எனக்கு முப்பதாயிரமும் வரும்?"

காகிதத்தைப் பார்த்தேன். கடனும் அடக்கச் செலவும் போக அவள் கணவர் விட்டுச் சென்றது 2,40,000 ரூபாய். தந்தை முன்னரே காலமாகிவிட்டார். தாயும் மனைவியும் ஒரே மகனும் வாரிசுகள். பிள்ளை இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, எஞ்சியது மகனுக்கு என்று ஜமாஅத்தார் மார்க்கச் சட்டப்படி பிரித்திருந்தனர். சொத்தை 24 பங்காக்கினால் மனைவிக்கு 3, தாய்க்கு 4, மகனுக்கு 17. அணுவளவும் பிழையில்லை. ஆனால் அந்தப் பெண்ணோ, எட்டு ஆறைவிடப் பெரியது, ஆகவே தன் பங்கே பெரியது என்று எண்ணி ஒப்பமிட்டிருக்கிறாள். பணம் கைக்கு வந்தபோது, மாமியார் ஜமாஅத்தாரைக் கைக்குள் போட்டுக்கொண்டு வஞ்சித்துவிட்டார் என்று முடிவு செய்திருக்கிறாள். ஒன்றரை ஆண்டாக அந்த இரு வீடுகளுக்கும் பேச்சில்லை. பேரனைப் பார்க்க வந்த பாட்டிக்குக் கதவு திறக்கப்படவில்லை.

நான் ஒரு வட்டம் வரைந்து ஆறாகப் பிரித்தேன். அதே அளவில் இன்னொரு வட்டம் வரைந்து எட்டாகப் பிரித்தேன். அவள் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "இதை அப்போதே சொல்லித் தரலையே ஸார்" என்றாள்.

அவள் போன பின் பழைய மதிப்பெண் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். அந்த ஆண்டு கணக்கில் அவள் 62 மதிப்பெண் பெற்றுத் தேறியிருந்தாள். பகுதிகளுக்கு மீச்சிறு பொது மடங்கு கண்டு பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் நான்தான் கற்பித்தேன். பிழையின்றிச் செய்தாள். அந்தப் பின்னம் எவ்வளவு பெரியது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பது எனக்கும் தெரியாது.

மறுநாள் எட்டாம் வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டேன். எட்டில் ஒன்றுதான் பெரியது என்று பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. அன்று எனக்கு மதிய உணவு இறங்கவில்லை.

நான் இதை யாரிடம் சொல்வது? பதினெட்டு ஆண்டுகளில் உடன் பணியாற்றும் ஒருவர்கூட என் வகுப்பில் அமர்ந்து நான் கற்பிப்பதைப் பார்த்ததில்லை. நானும் பிறர் வகுப்புக்குள் நுழைந்ததில்லை. கல்வி அதிகாரி ஆண்டுக்கொரு முறை வருவார். அன்றைக்கென்று எடுத்துவைத்த பாடத்தை நடத்திக் காட்டுவோம். ஆசிரியர் அறையில் சம்பள நிலுவை பேசுவோம், பஞ்சப்படி பேசுவோம், ஊர்க் கல்யாணம் பேசுவோம். "இந்தப் பாடம் என் பிள்ளைகளுக்குப் புரியவில்லை, என்ன செய்யலாம்?" என்று மட்டும் எவரும் கேட்டதில்லை. கேட்டால் கௌரவக் குறைவு என்று எண்ணினோம். மருத்துவர் மற்றொரு மருத்துவரைக் கலந்துகொள்கிறார். கொத்தனார்கூட மேஸ்திரியை அழைத்துச் சுவரைக் காட்டுகிறார். ஆசிரியர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு தனியே நிற்கின்றார்.

அனைவருக்கும் கல்வி இயக்கம் தொடங்கிய காலம் அது. சனிக்கிழமைகளில் குறுவள மையத்தில் பயிற்சிக் கூட்டம் நடக்கும். உண்மையைச் சொன்னால், தேநீர் அருந்திக் கையொப்பமிட்டு வருவதற்கே நான் அங்கே சென்றுகொண்டிருந்தேன். அடுத்த கூட்டத்தில், இளம் ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் ஜப்பானியப் பள்ளிகளைப் பற்றிச் சொன்னது என் காதில் விழுந்தது. முன்பாயிருந்தால் விழுந்திராது. பின்னர் தேடிப் படித்து விவரம் அறிந்தேன்.

அந்நாட்டில் அதற்கு "ஜுக்யோ கென்க்யூ" என்று பெயர். பாட ஆய்வு என்று நாம் சொல்லலாம். அதன் வேர்கள் மெய்ஜி காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருக்கின்றன. ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் சிலர் கூடிப் பிள்ளைகள் வழக்கமாக இடறும் ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்தக் கேள்வியைக் கேட்பது, அதற்குப் பிள்ளைகள் என்னென்ன விடை சொல்வார்கள், தவறான விடை வந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்றெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். ஒருவர் பாடத்தை நடத்த, மற்றவர்கள் வகுப்பில் அமர்ந்து கவனிக்கிறார்கள். அவர்கள் கண் ஆசிரியர்மீது இருப்பதைவிடப் பிள்ளைகளின்மீதே மிகுதியும் இருக்கும். கரும்பலகையில் எழுதியதைப் பாடம் முடியும்வரை இயன்றவரை அழிப்பதில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை சிந்தனை சென்ற வழி பிள்ளைக்குத் தெரியவேண்டும் என்பது அவர்கள் கருத்து. பிறகு கூடிப் பேசுகிறார்கள். பாடம் பலரும் சேர்ந்து அமைத்ததாதலால் குறை ஒருவர் தலையில் விழுவதில்லை. திருத்தி, வேறொரு வகுப்பில் மீண்டும் நடத்திப் பார்ப்பதும் உண்டு. ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை ஒளிப்பதிவு செய்து ஒப்பிட்ட ஆய்வை ஒட்டி, ஸ்டிக்லர், ஹீபர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1999இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதன் பிறகே இம்முறை உலகெங்கும் பேசப்பட்டது.

எங்கள் பள்ளியில் இதை முயல வேண்டுமானால் முதலில் நான் வாய் திறக்க வேண்டும். ஒரு வாரம் தயங்கினேன். பின், நான்காம் வகுப்பு டீச்சரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். சற்றும் வியப்படையவில்லை. அலமாரியிலிருந்து பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்து விரித்தார். "பாருங்கள் ஸார், நாலில் ஒன்று மூன்றில் ஒன்றைவிடப் பெரிது என்று எழுதியிருக்கிறார்கள். நான் படம் வரைந்து காட்டினேன். ஆனால் ஒரு ரொட்டியைப் பெரிதாகவும் மற்றொன்றைச் சிறிதாகவும் வரைந்துவிட்டேன். பிள்ளைகள் குழம்பிவிட்டார்கள். ஆறாம் வகுப்பில் நீங்கள் சரி செய்துவிடுவீர்கள் என்று இருந்தேன்." நானோ, நான்காம் வகுப்பிலேயே இது முடிந்திருக்கும் என்று இருந்தேன். எங்கள் இருவர் அறைகளுக்கும் இடையே ஒரு சுவர்தான்.

தீனியாத் வகுப்பு எடுக்கும் ஹஜ்ரத்தையும் சேர்த்துக்கொண்டோம். பின்னத்தை எந்தப் பொருளால் தொடங்குவது என்று யோசித்தபோது அவர் சிரித்துக்கொண்டே, "கல்யாண வீட்டுச் சஹன் இருக்கிறதே! ஒரு சஹனில் மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருவருக்கு எவ்வளவு, நான்கு பேர் உட்கார்ந்தால் எவ்வளவு? நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை" என்றார். எங்கள் இருவருக்கும் தோன்றாத வழி அது.

தலைமையாசிரியர் ஒரு பாடவேளைக்கு மற்ற வகுப்புகளைத் தாமே பார்த்துக்கொள்ள இசைந்தார். ஆறாம் வகுப்பு 'அ' பிரிவில் நான் பாடம் நடத்தினேன். டீச்சரும் ஹஜ்ரத்தும் பின்னால் அமர்ந்து குறிப்பெடுத்தார்கள். அந்த நாற்பது நிமிடமும் என் உள்ளங்கை வியர்த்தது. பாடம் நன்றாக நடந்ததாகவே நினைத்தேன். மாலையில் டீச்சர் தம் குறிப்பைப் படித்தார். "கடைசி பெஞ்சுப் பையன் மூன்று முறை கை தூக்கினான் ஸார். நீங்கள் பார்க்கவில்லை. கேள்வி கேட்டு, பதில் வருவதற்குள் நீங்களே பதிலையும் சொல்லிவிடுகிறீர்கள்." எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் அன்று யாரோடும் பேசவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை. பதினெட்டு ஆண்டுகளாக நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். சொல்ல ஆளில்லை.

அடுத்த வாரம் 'ஆ' பிரிவில் டீச்சர் நடத்த, நான் பின்னால் அமர்ந்தேன். சஹனைப் பற்றிக் கேட்டுவிட்டு அவர் வாய் மூடி நின்றார். வகுப்பு சற்று நேரம் அமைதியாயிருந்தது. பிறகு ஒரு சிறுமி, "ஆள் கூடக் கூடப் பங்கு குறையும் டீச்சர்" என்றாள். கீழே இருக்கும் எண் ஆள் கணக்கு என்பதை வகுப்பு தானே கண்டுகொண்டது. ஆயினும் அத்துடன் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நான்கில் மூன்று, ஆறில் ஐந்து இரண்டில் எது பெரியது என்றபோது, "இரண்டிலும் ஒரு துண்டுதான் குறைகிறது, ஆகவே சமம்" என்று பலர் சொன்னார்கள். அடுத்த மாதம் கூடிப் பேச எங்களுக்குப் பொருள் கிடைத்தது.

இவ்வாறு கூடிக் கற்பது நமக்குப் புதியதா? மூஸா நபி (அலை) அவர்களே அறிவு தேடி மற்றோர் அடியாரைப் பின்தொடர்ந்து சென்ற வரலாற்றைக் கஹ்ஃப் அத்தியாயத்தில் ஓதுகின்றோம். கலந்தாலோசனையின் பெயரையே தாங்கிய 'ஷூரா' என்னும் அத்தியாயம் திருமறையில் இருக்கின்றது. பாகப்பிரிவினைக்காக அரை, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என ஆறு பின்னங்கள் அதில் வகுக்கப்பட்டிருக்கின்றன. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, தம் இயற்கணித நூலின் பெரும் பகுதியை இந்தப் பாகக் கணக்குக்கே ஒதுக்கினார். அத்தகைய மரபில் வந்த ஒரு பெண் தன் பங்கின் அளவை அறியாமல் ஒப்பமிட்டாள் என்றால், அந்தக் குற்றத்தில் ஆசிரியனாகிய எனக்கும் பங்குண்டு.

எங்கள் கூட்டம் ஏழாண்டுகள் நடந்தது. இடையூறுகள் இல்லாமலில்லை. வகுப்பை விட்டுவிட்டு வாத்தியார்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று நிர்வாகத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எங்கள் தலைமையாசிரியர் ஓய்வு பெற்ற பின் அதற்கென ஒரு படிவமும் பதிவேடும் வந்தன. கூட்டம் நடந்ததோ இல்லையோ, பதிவேடு நிரம்பியது. மனம் ஒப்பாமல் கட்டளையால் கூடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் எதையும் திறந்து காட்டுவதில்லை என்பதை அப்போது உணர்ந்தேன்.

அருகருகே உள்ள பள்ளிகள் இணைந்து இயங்க வேண்டும் என்று 1964–66ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் கல்விக் குழு பரிந்துரைத்தது. ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது தம் தொழில் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. மணிக்கணக்கை அரசு வகுத்துவிடலாம். "எனக்கு இது வரவில்லை" என்று சொல்ல ஆசிரியருக்குத் துணிவு வேண்டும். அதைச் சொல்பவரை இகழாத பள்ளியும் வேண்டும். நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளின் நிர்வாகிகள் புதிய கட்டடத்துக்கு நிதி திரட்டுவது நல்லதே. அத்துடன், வாரத்தில் ஒரு பாடவேளையேனும் தங்கள் ஆசிரியர்கள் கூடி அமரவும் வழி செய்தால், பிள்ளைகளின் துஆ அவர்களுக்குக் கிட்டும்.

அந்தப் பெண் அன்று மாலையே தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு மாமியாரின் வீட்டுக்குப் போனாள் என்று பின்னர் கேள்விப்பட்டேன். அங்கே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. 2006இல் அந்தப் பெரியவர் மவுத்தானபோது, கடைசி நாட்களில் அருகிலிருந்து பணிவிடை செய்தவள் அவளே. ஜனாஸாவுக்குச் சென்றிருந்தேன். பேரன் முன் வரிசையில் நின்றான். பின்னர் அவன் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது, பின்னப் பாடத்தை அவனுக்கு நான் நடத்தவில்லை. நான்காம் வகுப்பு டீச்சரை நடத்தச் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் குறிப்பு நோட்டுடன் அமர்ந்திருந்தேன். அவன் கை தூக்கினான். டீச்சர் பார்த்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்.