ஒரு மணி நேர விமானம்

தருமபுரியிலிருந்து சென்னை சாலை வழியே ஏறக்குறைய 300 கி.மீ. பேருந்தில் ஆறு மணி நேரமாவது பிடிக்கும். 2023 அக்டோபரில் சேலம் விமான நிலையம் மறுபடி திறந்தபின் ஒரு மணி நேரத்தில் பறந்துவிடலாம் என்கிறார்கள். பறக்கும் நேரம் சரிதான். ஆனால் விமானம் ஏற, சென்னைக்கு எதிர்த்திசையில், தொப்பூர் கணவாய் இறங்கி ஓமலூர் பக்கம் காமலாபுரம் போகவேண்டும். அதுவே ஒரு மணி நேரம். சோதனைக்காக முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கி ஊருக்குள் போக இன்னொரு மணி. கூட்டிப் பார்த்தால் ஐந்துக்குக் குறையாது.

ரயில் கதையும் அப்படித்தான். தருமபுரி நிலையம் இருப்பது பெங்களூரு–சேலம் பாதையில். சென்னை ரயில்களுக்குப் பலரும் பஸ் ஏறி மொரப்பூர் போகிறார்கள். இத்தனைக்கும் 1906-லேயே மொரப்பூருக்குக் குறுகிய பாதை ரயில் ஓடியது; 1941-ல் மூடிவிட்டார்கள். புதிய அகலப்பாதைக்கு அடிக்கல் நாட்டியது 2019-ல்.

சென்னைக்குப் போகும் பாலக்கோடு தக்காளிக்கு இந்தக் கணக்கெல்லாம் இல்லை. அதற்கு லாரிதான். மாலையில் பெட்டி கட்டி ஏற்றினால், விடிவதற்குள் கோயம்பேடு சேரவேண்டும். வண்டி வழியில் நின்றால் அன்றைய விலை போச்சு.