நாலு வருசம் வீணா?

நாங்கள் மூன்று பேர். யாழ்ப்பாணம் மருத்துவ பீடத்தில் ஒரே பட்ச், ஒரே விடுதி, பிறகு வெள்ளவத்தையில் ஒரே அனெக்ஸ். இன்டர்ன் முடித்து, அதற்குப் பிறகு ஒரு வருடம் வேலையும் செய்துவிட்டு, பட்டப்பின் படிப்புக்கான சோதினைக்கு மூன்று பேரும் அங்கே இருந்துதான் படித்தோம். ஒருத்தி அனஸ்தீசியா, ஒருத்தி குழந்தை மருத்துவம், ஒருத்தி சேர்ஜரி. மூன்று பேரும் பாஸ். அன்றைக்கு இரவு காலி வீதியில் கொத்து ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இனிச் சோதினையே இல்லை" எண்டு சந்தோசப்பட்டோம். அது பொய் எண்டு அப்பவே தெரியும். ரெஜிஸ்ட்ராராக வருடக்கணக்கில் வேலை செய்து, எம்.டி. இறுதிச் சோதினை எழுதி, சீனியர் ரெஜிஸ்ட்ராராகி, வெளிநாட்டுப் பயிற்சிக்கும் போய் வந்த பிறகுதான் கன்சல்டன்ட்.

இந்த வழியில் எங்களில் ஒருத்தி பாதியில் இறங்கினாள். அதைப் பற்றித்தான் மூன்று பேருமாகச் சேர்ந்து எழுதுகிறோம்.

அவள் சேர்ஜரியில் மூன்றாம் வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் போனில் கதைத்துக்கொண்டிருந்தபோது, "நான் சேர்ஜரியை விடப்போறன். சைக்கியற்றிக்குச் சோதினை எழுதப்போறன்" எண்டாள்.

மற்ற இரண்டு பேரும் முதலில் செய்தது கணக்குப் பார்த்தது. படித்த ஒரு வருடம், பயிற்சி மூன்று வருடம். "நாலு வருசம் வீணாப் போகுதடி." "ஒன்கோல் களைப்பில கதைக்கிறாய், நித்திரை கொண்டிட்டு யோசி." ஏன் எண்டு அன்றைக்கு ஒருத்தியும் கேட்கவில்லை. அது இப்பவும் எங்களுக்கு வெட்கமான விசயம்.

அவளுக்குச் சேர்ஜரி வராமல் விட்டவள் இல்லை. நல்ல கை எண்டு கன்சல்டன்டே சொல்லியிருக்கிறார். அவள் சேர்ஜரிக்குப் போனதே சண்டை பிடித்துத்தான். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் உந்த வெட்டுக் கொத்து?" எண்டு கேட்ட மாமிமார், "கலியாணம் கட்டினாப் பிறகு விட்டிட்டுப் போவியள்" எண்டு தியேட்டரில் பகிடி விட்ட சீனியர்மார் எல்லாரையும் தாண்டித்தான் போனாள். இப்போது விட்டால் அவர்கள் சொன்னது சரி எண்டு ஆகிவிடும். அடுத்து வருகிற பெண் பிள்ளைக்கும் அதையே உதாரணமாகக் காட்டுவார்கள். அவளை ஒரு வருடம் பிடித்து வைத்திருந்ததே அந்த யோசனைதான்.

பிறகு ஒரு அம்மா வந்தார். வன்னியில் இருந்து, வயிற்று நோ எண்டு மூன்றாவது தடவை வோர்டுக்கு. (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம்.) ஸ்கான், எண்டொஸ்கோபி, இரத்தப் பரிசோதனை எல்லாம் நோர்மல். காலை ரவுண்டில் அவருடைய கட்டிலில் நின்றது ஒரு நிமிடம் இருக்கும். "ஒண்டுமில்லை அம்மா, வீட்ட போகலாம்." இரவு டிக்கட் எழுதப் போன இவளிடம் அந்த அம்மா கேட்டார்: "பிள்ளை, ஒண்டுமில்லையெண்டா ஏன் நோகுது?"

இவள் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். எப்பயிருந்து நோகுது எண்டு கேட்டாள். 2009 இல் இருந்து எண்டு பதில் வந்தது. மகன் இல்லாமல் போன வருடம். மூன்று தடவை வந்தும் அந்தக் கேள்விக்கு முழுப் பதில் கேட்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. நாற்பது நிமிடம் கதைத்திருப்பார்கள், அதற்குள் தியேட்டரில் இருந்து கோல் வந்துவிட்டது. அப்பெண்டிக்ஸ். கை பாட்டுக்கு வேலை செய்தது, மனம் அந்தக் கட்டிலடியில் நின்றது எண்டு பிறகு சொன்னாள். "அப்பெண்டிக்ஸ் எடுக்க என்னை விட்டாலும் ஆள் இருக்கு. அந்தக் கதிரையில இருக்கத்தான் ஆள் இல்லை."

போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், 'ஸ்கார்ட் மைன்ட்ஸ்' எண்ட நூலை 1998 இலேயே வெளியிட்டுவிட்டார். எங்கள் சனத்தின் மனக்காயத்தைப் பற்றிய நூல். நாங்களோ அதே மண்ணில் மருத்துவம் படித்துக்கொண்டு, சைக்கியற்றி அப்பொயின்ட்மென்ட் எண்டால் நித்திரை கொள்ளுகிற கிழமைகள் எண்டுதான் வைத்திருந்தோம்.

விடுவது லேசாக நடக்கவில்லை. கடிதம் கொடுத்து, சாதாரண மெடிக்கல் ஒஃபிசராக வேலைக்குத் திரும்பி, மறுபடி தேர்வுச் சோதினைக்குப் படித்தாள். சேர்ஜரியில் செய்த மூன்று வருடம் புதுத் துறையில் கணக்கில் வரவில்லை. எங்களுடைய ஜூனியர்மார் இப்போது அவளுக்கு சீனியர். வீட்டில் அம்மா அழுதார்: "சேர்ஜன் எண்டு சொல்லி வைச்சிருந்த பிள்ளையை இனி விசர் டொக்டர் எண்டோ சொல்லுறது?" அப்பா இரண்டு மாதம் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் ஒன்றே ஒன்று கேட்டார்: "அங்கயெண்டாலும் இரவில உன்னை நித்திரை கொள்ள விடுவினமோ?"

எங்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது எண்டு இப்போது யோசித்தால் காரணம் தெரிகிறது. அனஸ்தீசியா எடுத்தவள் அதை விரும்பி எடுக்கவில்லை, அவளுடைய புள்ளிக்கு அது கிடைத்தது. குழந்தை மருத்துவக்காரி 2022 இல் மருந்துத் தட்டுப்பாடும் பெற்றோல் வரிசையுமாக இருந்த நேரம் இங்கிலாந்துக்குப் போகப் பேப்பர் எல்லாம் ஆயத்தப்படுத்தி, கடைசியில் போகாமல் நின்றவள். ஏ.எல். பயோவில் தொடங்கி எங்களுக்கு எல்லாவற்றையும் புள்ளிதான் தீர்மானித்தது. என்ன விருப்பம் எண்டு கேட்கிற பழக்கமே இருக்கவில்லை. ஒருத்தி கேட்கத் தொடங்கினால் மற்ற இரண்டு பேரும் கேட்க வேண்டி வரும். அந்தப் பயத்தைத்தான் 'நாலு வருசம்' எண்டு சொல்லிக்கொண்டிருந்தோம்.

எல்லாரும் துறையை மாற்ற வேண்டும் எண்டு நாங்கள் சொல்லவில்லை. அனஸ்தீசியாக்காரி யோசித்துப் பார்த்துவிட்டு அங்கேயே நிற்கிறாள். இப்போது அது அவளாக எடுத்த முடிவு. யோசிக்கிறவர்களுக்கு எங்களுடைய அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஒன்கோல் முடிந்த காலையில் கடிதம் எழுத வேண்டாம். வெறுப்பது துறையையா, இப்போது வேலை செய்கிற யூனிட்டையா எண்டு பிரித்துப் பாருங்கள், யூனிட் எப்படியும் மாறும். போக நினைக்கிற துறையில் சில நாட்களாவது போய் இருந்து பாருங்கள். அவள் தன்னுடைய லீவில் இரண்டு கிழமை சைக்கியற்றி கிளினிக்கில் இருந்துவிட்டுத்தான் முடிவெடுத்தாள்.

போன மாதம் அவளுடைய வோர்டில் குளோசபின் எடுக்கிற ஒரு ஐயா வயிறு நோகுது எண்டு சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். "அவர் எப்பவும் அப்பிடித்தான், டொக்டர்" எண்டு பதில் வந்ததாம். இவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். ஊதிப்போய் இருந்தது. அந்த மருந்து மலச்சிக்கலை ஆளைக் கொல்லுகிற அளவுக்குக் கொண்டுபோகும். குடல் அடைப்பு எண்டு உடனேயே சேர்ஜரிக்கு அனுப்பினாள். ஆள் தப்பிவிட்டார்.

அன்றைக்கு இரவு போனில் இதைச் சொல்லிவிட்டு, "இப்பச் சொல்லுங்கோடி, நாலு வருசம் வீணா?" எண்டு கேட்டாள். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். கொஞ்சம் பிந்தித்தான்.