பினாங்கில் ஒரு மரபு விழா



பினாங்கு என்ற பெயர் நம் இல்லங்களுக்குப் புதியதன்று. உங்கள் பாட்டனார் அங்கே சென்றிருக்காவிடில், அடுத்த வீட்டுப் பாட்டனார் சென்றிருப்பார். நாகப்பட்டினத் துறையில் ‘ரஜூலா’ கப்பலேறியவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அந்தத் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நடைபெறும் மரபு விழாவைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கண்டவற்றுள் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

2008-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள், மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்தது. அந்நாள் பினாங்கு மாநிலத்தில் பொது விடுமுறை. அதையொட்டியே விழா. மலாய்க்காரர், சீனர், தமிழர், நம்மவர் எனப் பல சமூகத்தாரும் தத்தம் கலை, கைத்தொழில், உணவு ஆகியவற்றைத் தெருவுக்குக் கொண்டுவருகின்றனர். ஒரு பக்கம் சீனரின் சிங்க நடனம். மறு பக்கம் நம் ஊர் மேளம். சிறுவர்கள் எதைப் பார்ப்பது என்றறியாமல் அங்குமிங்கும் ஓடுகின்றனர்.

விழாவை விட்டு விலகி, சற்றே நடந்து பாருங்கள். ஒரே சாலையிலும் அதன் அருகிலுமாக 1818-இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயம், சீனரின் குவான் யின் கோயில், 1833-இல் அமைந்த மாரியம்மன் கோயில், நம் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஆகிய நான்கும் அமைந்துள்ளன. பாங்கோசை எழும்போது ஊதுவத்திப் புகையும் காற்றில் வருகிறது. இதற்காக எவரும் மேடை போட்டுப் பேசவில்லை. இரு நூற்றாண்டுகளாக அப்படித்தான் வாழ்ந்து வருகின்றனர்.

பள்ளிவாசலின் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். 1786-இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றம் அமைத்தபோதே, சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகரும் மாலுமிகளும் தொழிலாளரும் வந்து சேர்ந்தனர். அவர்களின் தலைவராக 1801-இல் நியமிக்கப்பட்டவர் காதர் முகைதீன். கும்பினியார் வழங்கிய நிலத்தில் பள்ளிவாசலை எழுப்பியவர் அவரே. இன்று நாம் காணும் குவிமாடங்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக்கியபோது வந்தவை. ‘கிளிங்’ என்னும் சொல்லை இன்று நம்மவரை நோக்கி எவரேனும் சொன்னால் அது வசை. ஆயினும் பள்ளிவாசலின் பெயரிலும் சாலையின் பெயரிலும் அது நிலைத்துவிட்டது. அதை மாற்றாமல் விட்டதே நல்லது என்பது என் கருத்து. பெயர் போனால் வரலாறும் போகும்.

அக்காலத்தில் பள்ளிவாசல் தனித்து நிற்கவில்லை. அதைச் சுற்றி நம்மவரின் வீடுகள் நெருங்கியிருந்தன. வக்ஃபு நிலத்தின் பயன் அந்தச் சமூகத்துக்கே இருந்தது. 1905-இல் அறநிலையங்களை நிர்வகிக்க அரசு ஒரு வாரியத்தை அமைத்தது. பின்னர், நகரச் சீர்திருத்தத்தின் பெயரால் அக்குடியிருப்புகள் அகற்றப்பட்டன. இன்று பள்ளியைச் சுற்றிப் புல்வெளியும் சாலையும் அழகாகத்தான் உள்ளன. படம் எடுப்போருக்குப் பெருமகிழ்ச்சி. சுபுஹுக்கு நடந்து வருவதற்குத்தான் அருகில் வீடுகள் இல்லை.

விழாவில் ‘போரியா’ எனும் பாட்டுக்கூத்தும் உண்டு. தலைவர் ஒருவர் பாட, வண்ண உடை அணிந்த குழுவினர் ஆடிக்கொண்டே பின்பாட்டுப் பாடுகின்றனர். சென்னைப் படைப்பிரிவின் சிப்பாய்களோடு கடல் கடந்து வந்த முஹர்ரம் வழக்கத்திலிருந்து இது பிறந்தது என்பர். துக்கத்தின் நினைவு கேளிக்கையாக மாறியது எப்படி என்ற வினா, மதரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு எழாமல் இல்லை. ஆனால் மலாய் மொழியில் நகைச்சுவையோடு பாடிய அந்த இளைஞர்களின் மூதாதையர் நம் கரையிலிருந்து சென்றவர்களாகவும் இருக்கக்கூடும் என்று எண்ணியபோது, முகம் சுளிக்க மனம் வரவில்லை.

உணவைப் பற்றிக் கூறாவிடில் இல்லத்தரசிகள் என்னை மன்னிக்கமாட்டார்கள். ‘நாசி கண்டார்’ பினாங்கின் அடையாளம். ‘நாசி’ என்றால் சோறு. ‘கண்டார்’ என்றால் தோளில் காவடியாகச் சுமப்பது. ஒருபுறம் சோற்றுப் பானை, மறுபுறம் குழம்புப் பானை என்று சுமந்து, துறைமுகத் தொழிலாளருக்கு நம்மவர் விற்ற உணவு இது. மீன், இறைச்சி, கோழி என எல்லாக் குழம்பையும் கலந்து சோற்றின் மேல் ஊற்றுவதே அங்கு முறை. நம் வீட்டில் அப்படிச் செய்தால் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். அங்கே அதற்காகவே வரிசையில் நிற்கின்றனர்! உணவோடு சொற்களும் சென்றன. மலாயில் கப்பல் ‘காப்பால்’, கடை ‘கெடாய்’, குளம் ‘கோலாம்’. 1834-இல் மறைந்த கப்பித்தான் காதர் முகைதீன் அடங்கியிருக்கும் இடத்தின் பெயரே ‘கம்போங் கோலாம்’, அதாவது குளத்துச் சிற்றூர்.

சூலியா தெருவில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஒரு சிறு தர்கா உள்ளது. அதன் புறச்சுவரையொட்டிச் சிறு கடைகள். அங்கே தொப்பி தைத்து விற்கும் கடைக்கு அருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், என் பேச்சைக் கேட்டதும் “ஹஜ்ரத், எந்த ஊர்?” என்று வினவினார். பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். “தமிழ் விளங்கும் ஹஜ்ரத். வாயில் வராது” என்றார். பிறகு கூட்டத்தைச் சுட்டிக்காட்டி, “இத்தனை பேர் வந்திருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு வந்து பாருங்கள், இங்கே குடியிருப்பவர் எத்தனை பேர் என்று” என்றார்.

அவர் கூற்றுக்குக் காரணம் உண்டு. பழைய கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் தடுத்துவந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டம், 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது முடிவுக்கு வந்தது. வாடகை பன்மடங்கு உயர, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் வெளியேறின. உலக மரபுச் சின்னம் என்ற பெருமை வந்தபின் பல வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. சுவரும் சன்னலும் பழுது பார்க்கப்பட்டு ஒளிர்கின்றன. எந்த மக்களின் மரபு விழாவாகக் கொண்டாடப்படுகிறதோ, அவர்களில் பலர் நகரின் புறத்திலுள்ள அடுக்கு வீடுகளிலிருந்து பேருந்தில் வந்து தம் பாட்டனார் தெருவில் ஆடிவிட்டுத் திரும்புகின்றனர்.

அன்றிரவு இஷா தொழுகை முடிந்து, முதியவர் சொன்னபடியே சூலியா தெருவுக்கு மீண்டும் சென்றேன். விடுதிகளின் வாயில்களில் விளக்குகள் எரிந்தன; பயணிகள் நடமாடினர். மாடிகளில் ஒன்றிரண்டு சன்னல்களில் மட்டும் துணி உலர்ந்துகொண்டிருந்தது.